ஜாஸ் மேடையில் முன்னிலை வகித்தவர்கள்

முதல் கச்சேரிக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

மேடையின் நடுவில், சிவப்பு வெல்வெட் சோபாவில் கல்லூரித் தாளாளர் கண்ணுச்சாமி. அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி பரிபூரணம் அம்மாள். இடப்பக்கம் அம்மாளின் தம்பி பால்சாமி. அவர்தான் கல்லூரியின் நிர்வாக அலுவலர். அடுத்து பேண்டேஜ் துணி உற்பத்தியாளர் சங்கத் தலைவர், அவரைத் தலைவராக ஏற்றுக்கொள்ளாத செயலாளர், கட்டடத்துக்குச் செங்கல் கொடுத்தவர், செங்கல் கொடுத்தவரின் சம்பந்தி, இன்னும் அழைப்பிதழில் ‘முன்னிலை’ என்ற தலைப்பின் கீழ் வந்த எல்லோரும். கடைசி நாற்காலியில் கல்லூரி முதல்வர். அந்த நாற்காலியின் ஒரு கால் மேடைக்கு வெளியே போய்விட்டதால் அவர் மறுபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். கீழே முன்வரிசை காலி. அந்த வரிசை நாற்காலிகளைத்தான் மேடைக்கு ஏற்றியிருந்தோம். அதற்குப் பின்னால் மாணவர்கள். மாணவர்களுக்குப் பின்னால், மில்லில் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு விடாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு வரப்பட்ட தொழிலாளர்கள். மேடைக்கு இடப்புறம், தரையில், ஜெனரேட்டருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, பெங்களூரிலிருந்து வந்திருந்த ஜாஸ் இசைக் குழுவினர் நால்வர்.

நான் நின்றுகொண்டிருந்தேன். பெயர் பிச்சை முகம்மது. ஆவுடையம்மாள் நினைவுப் பொறியியல் கல்லூரியில் கடிதப் பிரிவு எழுத்தர். அழைப்பிதழ் எழுதுவது, அதில் யார் பெயர் யாருக்கு மேலே என்று தாளாளரிடம் கேட்டு முடிவு செய்வது, அந்த வரிசைப்படி நாற்காலி போடச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் அழைப்பிதழில் பெயர் வந்தவருக்கு மேடையில் நாற்காலி உண்டு. நாற்காலி இல்லையென்றால் அவர் அடுத்த தடவை வரமாட்டார். வரமாட்டார் என்பதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டும் வரமாட்டார். இசைக் குழுவினர் பெயரையும் போட்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் ஒரு கல்லூரியில் ஜாஸ் எதற்கு என்று கேட்பீர்கள். கல்லூரியில் அன்றைக்கு நூலகம் ஒரு பூட்டிய அறை. ஆய்வுக்கூடத்தில் இயந்திரங்கள் வந்த மரப்பெட்டிகள் மட்டும் இருந்தன. இயந்திரங்கள் மில்லில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் தாளாளருக்கு இதைப் பல்கலைக்கழகமாக ஆக்கியே தீர வேண்டும் என்று வைராக்கியம். டெல்லி அனுமதி வருவதற்கு முன்பே நுழைவு வளைவில் ‘பல்கலைக்கழகம்’ என்று எழுதச் செய்தார். யாரோ சட்டப்படி தப்பு என்று சொல்லவும், தம் மில்லின் பேண்டேஜ் துணியைக் கொண்டே அந்த எழுத்துகளைச் சுற்றி மூடினார். மாணவர்கள் அதற்கு மாவுக்கட்டு ஆர்ச் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் கண்டக்டர்களும் அப்படித்தான் கூவி இறக்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த தாளாளரின் மகன் ஒரு வழவழப்பான புத்தகம் அனுப்பினான். அவன் படிக்கும் பல்கலைக்கழகத்தில் வருடாவருடம் ஜாஸ் கச்சேரித் தொடர் நடக்கிறதாம். வெளியூர்க் கலைஞர்கள் விருந்தினராக வந்து வாசித்துவிட்டுப் போகிறார்களாம். தாளாளர் ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

“பாத்துக்கிடுங்க. யுனிவர்சிட்டின்னா இது இருக்கணும். இது இல்லாமத்தான் நம்ம ஃபைலு டெல்லியில தூங்குது. இங்க ஜாஸ் தெரிஞ்சவரு யாரு?”

பால்சாமி மட்டும், “அத்தான், தெரியாட்டி என்ன, மெட்ராஸ்ல வாங்கிக்கிடலாம்,” என்றார்.

கடைசியில் ஒரு கை எழுந்தது. ஆங்கிலத் துறைத் தற்காலிக விரிவுரையாளர் வைகுண்டராஜ். சென்னையில் எம்.ஏ. படித்தபோது அறைத்தோழன் ஒருவனிடமிருந்து பத்துப் பதினைந்து ஜாஸ் கேசட்டுகளை வாங்கி வந்து, மடவார் வளாகத்தில் வாடகை அறையில் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்து அறைக்காரர்கள், டேப் ரிக்கார்டர் கெட்டுப்போயிருக்கிறது என்று இரண்டு முறை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வைகுண்டராஜைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆறு வருடமாகத் தற்காலிகம். மே மாதம் நிறுத்துவார்கள், ஜூன் மாதம் சேர்ப்பார்கள். இரண்டு கடிதங்களையும் நான்தான் அடிப்பேன். தேதியை மட்டும் மாற்றினால் போதும். சோழபுரத்தில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பெண் பெயர் தங்கபாய், பள்ளி ஆசிரியை. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையிடம் வேறெதுவும் கேட்கவில்லை. “நிரந்தரமா?” என்று ஒரு வார்த்தை கேட்டார். இவர் “ஆயிரும்” என்றார். “ஆகட்டும், பொறவு பாப்போம்,” என்று அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்துபோய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அன்று கூட்டம் முடிந்ததும் தாளாளர் அவர் தோளில் கை போட்டார். “மூணு கச்சேரி நடத்திக் குடுத்துரும். யுனிவர்சிட்டி வந்த அன்னைக்கு ஒமக்கு பெர்மனென்ட் ஆர்டர். ஆவுடையம்மா மேல சத்தியம்.” ஆவுடையம்மாள் அவருடைய தாயார். இறந்துபோனவர் என்பதால் சத்தியத்துக்கு ஆட்சேபம் வரவில்லை.

முதல் கச்சேரி 1992 நவம்பரில் நடந்தது. மேலே சொன்னபடி எல்லோரும் உட்கார்ந்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்த ஒவ்வொருவரும் வாழ்த்துரை. செங்கல் கொடுத்தவர் செங்கலைப் பற்றியே பேசினார். எல்லாம் முடிந்து இசைக் குழுவினர் வாசிக்கத் தொடங்கியபோது கரண்ட் போய், ஜெனரேட்டர் பக்கத்திலேயே உறுமத் தொடங்கியது. கீபோர்டு வாசித்த கோவாக்காரர் அதன் உறுமலுக்கே சுருதி சேர்த்துக்கொண்டு வாசித்தார் என்று வைகுண்டராஜ் பிற்பாடு சொன்னார். எனக்கு அது தெரியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு தொழிலாளர்கள் பேசியதுதான் கேட்டது.

“ஏலே, என்னம்மோ சரி பண்ணிக்கிட்டே இருக்கான். எப்பல ஆரம்பிப்பான்?”

“செத்த நேரம் பொறு. மைக் டெஸ்டிங் முடியட்டும்.”

சரிபார்ப்பு முடிவதற்குள் கச்சேரி முடிந்துவிட்டது. தாளாளருக்குப் பரம திருப்தி. போட்டோவில் மேடையிலிருந்த அத்தனை பேரும் விழுந்திருந்தார்கள். வாசித்தவர்கள் விழவில்லை. படத்தை டெல்லிக்கு அனுப்பும்போது கீழே ‘ஜாஸ் கச்சேரித் தொடர் - முதல் நிகழ்ச்சி’ என்று நான் டைப் அடித்தேன்.

இரண்டாவது கச்சேரிக்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் விருந்தினராக வந்தார். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் பெரிய வயலினை நிறுத்தி வைத்து, கட்டிப்பிடித்துக்கொண்டு வாசிப்பவர். அவரோடு பெங்களூர்க்காரர்களும் வந்தார்கள். இந்தத் தடவை வைகுண்டராஜ் கெஞ்சிக் கூத்தாடி, மேடையில் நாற்காலி வரிசைக்கு முன்னால் ஓரிடம் வாங்கிவிட்டார். அதோடு நிற்கவில்லை. ஜாஸ் கேட்கும் முறையை மாணவர்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்: எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள், நடுவில் ஒருவர் மட்டும் தனியாக வாசிப்பார், அவர் முடித்துப் பின்வாங்கியதும் கைதட்ட வேண்டும், பாட்டு தொடரும்.

சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. ஆனால் எங்கள் ஊரில் கைதட்டல் என்றால் நிகழ்ச்சி முடிந்தது என்று பொருள். முடிந்தால் பொன்னாடை. கீபோர்டுக்காரர் தம் பங்கைத் தனியாக வாசித்து நிறுத்தினார், மாணவர்கள் கைதட்டினார்கள். பால்சாமி என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்து, சங்கத் தலைவரின் பெயரைச் சொன்னேன். தலைவர் எழுந்து வந்து சால்வையைப் போர்த்தினார். போட்டோக்காரர் “இங்க பாருங்க சார்” என்றார். அடுத்து டிரம்ஸ்காரர் தனியாக வாசித்தார், கைதட்டல். தலைவர் போர்த்தியதால் செயலாளரும் போர்த்தியாக வேண்டும். டிரம்ஸ்காரர் இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் சால்வை விழுந்தது. ஒரு முனை தாளத்தட்டில் மாட்டி, அதற்குப் பிறகு அது சத்தம் போடவே இல்லை. ஜெர்மன்காரர் தம் முறை வந்தபோது வாசிப்பை நிறுத்தவே பயந்தார், நிறுத்தினால் கைதட்டுவார்களே. வாசித்துக்கொண்டே இருந்தார். செங்கல் கொடுத்தவர் சால்வையை விரித்துப் பிடித்தபடி அவருக்குப் பக்கத்தில் காத்து நின்றார். கை வலி எடுத்து ஜெர்மன்காரர் நிறுத்தியபோது, வாத்தியம் சாய்ந்திருந்த தோளில் இடமில்லாததால், செங்கல் கொடுத்தவர் வாத்தியத்துக்கே போர்த்திவிட்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி ஜரீனா சிரித்துச் சிரித்து அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். “உங்க காலேஜுல பாடம் நடத்துதாங்களா, இல்ல தெனமும் யாருக்காவது கல்யாணம் நடத்துதாங்களா?” என்றாள். பிறகு, “பாவம், அந்த வைகுண்டராஜ் சாரு. இதுல போயி அவரு பொழப்ப மாட்டி வச்சிருக்காரே,” என்றாள்.

மூன்றாவது கச்சேரிக்கு நாள் குறித்தபோது டெல்லியிலிருந்து தகவல் வந்தது. ஆய்வுக் குழு அன்றைக்கே வருகிறது, கச்சேரியையும் பார்க்கும். குழுத் தலைவர் கல்கத்தாவைச் சேர்ந்த பேராசிரியை, திருமதி பானர்ஜி. அதே வாரம் விருந்தினரிடமிருந்தும் கடிதம் வந்தது. வால்டர் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர், வயதானவர், சென்னையில் தங்கியிருந்தார். ஜெர்மன்காரர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கடிதம் சுருக்கமாக இருந்தது: வாசிக்கும்போது மேடையில் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்கக்கூடாது, யாரும் எனக்கு எதையும் போர்த்தக்கூடாது, சம்மதமில்லையென்றால் வரமாட்டேன்.

வைகுண்டராஜ் கடிதத்தை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குள் போனார். குறிப்பெடுக்க நானும் போனேன்.

“மேடையில உக்காரக்கூடாதா?” தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “யாரு மேடை அது?”

“நம்ம மேடைதான் சார். ஆனா வெளிநாட்டுல முன்வரிசைதான் சார் கௌரவம். கீழ உக்காந்தாத்தான் முகம் பாத்துக் கேக்கலாம்.”

“கீழயா? என் மில்லுல வேல பாக்குதவன் பின்னால உக்காந்து என் பெடரியப் பாக்கணுமா?”

“அவர் வரலன்னா கச்சேரி இல்ல சார். குழு வந்து பாக்கும்போது...”

“கச்சேரி இல்லன்னா ஒமக்கு ஆர்டரும் இல்லவே. அதையும் சொல்லிப்புட்டேன்.”

வைகுண்டராஜ் கடிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். அப்போது பால்சாமிக்கு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வரும்போது காதைக் குடைவார்.

“அத்தான், அவரு மேடையில யாரும் உக்காரக்கூடாது. அம்புட்டுத்தானே? நாம அவரு மேடையில உக்காரல. அதுக்குப் பின்னாலேயே நமக்குத் தனி மேடை. அத விட ஒசரமா.”

தாளாளர் அவரைப் பெருமையோடு பார்த்தார். வைகுண்டராஜ் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

மேடை கட்டப்பட்டது. மில் கிட்டங்கியிலிருந்து பஞ்சுப் பொதிகளைக் கொண்டுவந்து அடுக்கி, மேலே பலகை பரப்பி, கம்பளம் விரித்து, பின்பக்கமாக ஏறிவர ஒரு படியும் முன்பக்கமாக இறங்க ஒரு மர ஏணியும் வைத்தார்கள். அதற்கு முன்னால், தாழ்வாக, இசைக் குழுவுக்கு மேடை. பார்ப்பவர்களுக்கு, கொலுவில் மேல்படியில் பிரமுகர்களையும் கீழ்ப்படியில் வாத்தியக்காரர்களையும் வைத்தது போல இருந்தது. ஒலிபெருக்கி எல்லாம் மாணவர்கள் பக்கம் பார்த்து நின்றன. மேலே உட்கார்ந்தவர்களுக்குக் கலைஞர்களின் முதுகு மட்டும் தெரியும். சத்தத்தில் பாதியைப் பஞ்சு குடித்துவிடும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கேட்பதற்கு யார் வந்தார்கள்?

1993 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை. நாற்காலிகள் அத்தனையும் மேலே போய்விட்டதால் மாணவர்களுக்கு ஜமுக்காளம் விரித்திருந்தது. பேச்சுகள் எல்லாம் முடிந்த பிறகுதான் வால்டர் வந்து நின்றார். கறுத்த, ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை. பின்னால் திரும்பி, தலைக்கு மேலே வரிசையாக இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார். வைகுண்டராஜைப் பார்த்தார். வைகுண்டராஜ் கைகூப்பிவிட்டார். அது வணக்கமா கெஞ்சலா என்று தெரியாதபடி கூப்பினார். வால்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

திருமதி பானர்ஜி தாளாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கே கேட்டது: “அவர் முகம் தெரியவில்லையே.” தாளாளர் புரிந்துகொண்டு தலையாட்டினார். “யெஸ், யெஸ். வெரி ஹைட்,” என்றார்.

அம்மையார் எழுந்தார். ஏணி வழியாக, புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். இசைக் குழுவைச் சுற்றிக்கொண்டு வந்து, முன்னால் ஜமுக்காளத்தில், மாணவிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மேலே வரிசையில் அசைவு ஏற்பட்டது. சிறப்பு விருந்தினர் இல்லாத மேடை என்ன மேடை? தாலி கட்டும்போது மாப்பிள்ளை எழுந்து போனால் மணப்பந்தலில் மற்றவர்கள் எதற்கு உட்கார்ந்திருப்பது? ஆனால் முதலில் எழுந்தால் மரியாதை போய்விடும். கடைசியாக எழுந்தாலும் போய்விடும். சங்கத் தலைவர் குனிந்து, அடியில் நின்ற என்னைக் கேட்டார்.

“பாய், எறங்கணுமா இருக்கணுமா?”

“எறங்குனா அழைப்பிதழ் வரிசையில எறங்குங்கய்யா,” என்றேன். வேறென்ன சொல்வது?

அப்படியே நடந்தது. பின்படி வழியாக இறங்கினால் ஓடிப்போவது போல ஆகிவிடும் என்பதால் ஏணி வழியாகவே. முதலில் தாளாளர். ஏணியின் முதல் படியில் கால் வைத்து, வேட்டியைப் பிடித்து, அடுத்த காலைத் தேடினார். அவருக்குப் பின்னால் பால்சாமி. அவருக்குப் பின்னால் தலைவர். தலைவரை முந்தப் பார்த்து முடியாமல் செயலாளர். கழுத்து மாலையோடு, ஆளுக்கு ஒரு படியாக. பரிபூரணம் அம்மாள் மட்டும், “நான் எறங்க மாட்டேன். இந்தப் பட்டுச் சேலையோட ஏணியில எறங்க நான் என்ன தேங்கா பறிக்கவா வந்தேன்?” என்று சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

வால்டர் வாசித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். ஏணியில் இறங்கும் ஊர்வலம் தெரிந்தது. பழைய பாட்டை அப்படியே விட்டுவிட்டார். தாளாளரின் கால் படியைத் தேடும்போது சாக்ஸபோன் மெல்ல இழுத்து இழுத்துத் தயங்கியது. கால் படியில் பதிந்ததும் டிரம்ஸ் ஒரு போடு போட்டது. அடுத்த கால், அடுத்த போடு. தாளாளர் நின்றால் இசையும் நின்றது. அவர் மறுபடியும் மேலே ஏறிவிடலாமா என்று ஒரு காலைத் தூக்கினார். சாக்ஸபோன் கேள்வி கேட்டது போல மேலே போனது. காலைக் கீழே வைத்தார், கீழே வந்தது.

பின்னால் நின்ற தொழிலாளர்களுக்கு முதன்முறையாக ஜாஸ் விளங்கிவிட்டது.

“ஏலே, மொதலாளி காலுக்கு வாசிக்கான்லே!”

“அந்தா, தலைவரு வருதாரு பாரு! போடு!”

ஒவ்வொரு படிக்கும் கூட்டமே சேர்ந்து கைதட்டியது. செயலாளர் வேகமாக இறங்கப் பார்த்தார். டிரம்ஸும் அவரோடு சேர்ந்து உருண்டது. செங்கல் கொடுத்தவர் கடைசிப் படியில் தடுமாறியபோது பெரிய தாளத்தட்டில் ஜல்லென்று ஓர் அடி விழுந்தது. திருமதி பானர்ஜி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். வைகுண்டராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, “போச்சு பாய். சோழபுரம் போச்சு,” என்றார்.

கீழே இறங்கியவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. கச்சேரி முடியும்வரை பிரமுகர்கள் அனைவரும் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், வரிசை குலையாமல் நின்றார்கள்.

மறுநாள் ஞாயிறு என்றும் பார்க்காமல் தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கண்கள் சிவந்திருந்தன.

“நேத்து ராத்திரி மில்லு கேட்டுல ஒருத்தன் என்னப் பாத்துக் காலால தாளம் போடுதான். என் கண்ணு முன்னால. மே மாசம் அந்த வைகுண்டராஜ நிப்பாட்டிரு. ஜூன்ல கூப்பிடக்கூடாது.”

“அவிய என்ன செஞ்சாவ முதலாளி? அந்த அம்மா எறங்குனதுக்கு...”

“பாய், நீரு கடுதாசி எழுதும். காரணம் எழுத வேண்டாம்.”

வைகுண்டராஜிடம் நான் சொல்லவில்லை. பால்சாமி சொல்லிவிட்டார், அதுவும் கேன்டீனில், எல்லோர் முன்னாலும். அதன் பிறகு வைகுண்டராஜ் வகுப்புக்கு வருவார், போவார். சோழபுரத்துப் பெண்ணுக்குக் கான்சாபுரத்தில் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை மின்வாரியத்தில் நிரந்தரம்.

ஏப்ரல் கடைசியில் டெல்லியிலிருந்து தடித்த உறை வந்தது. தாளாளரும் பால்சாமியும் இருக்க, நான் படித்துப் பொருள் சொன்னேன். கல்லூரிக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி வழங்கப் பரிந்துரை. நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் சரிசெய்ய அவகாசம். பிறகு ஒரு பத்தி முழுக்க ஜாஸ் கச்சேரி. நிர்வாகிகள் தங்கள் உயர்ந்த ஆசனங்களை விட்டு இறங்கிவந்து, மாணவர்களோடும் தொழிலாளர்களோடும் நின்று, நிகழ்ச்சியில் தாங்களே பங்கேற்ற அந்தக் காட்சியை நாட்டின் வேறெந்தக் கல்வி நிறுவனத்திலும் கண்டதில்லை என்று திருமதி பானர்ஜி எழுதியிருந்தார்.

தாளாளர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“நாமளாத்தானே எறங்குனோம்?” என்றார்.

“நம்ம திட்டமே அதுதானே அத்தான். இல்லாட்டி ஏணி எதுக்கு வைக்கப்போறோம்?” என்றார் பால்சாமி.

கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி இருந்தது. கச்சேரித் தொடரின் ஒருங்கிணைப்பாளர் யார், அவர் நிரந்தர ஊழியரா. உடனே பதில் வேண்டும். இனிமேல் அழைப்பிதழ்கள் எல்லாம் பல்கலைக்கழக முறைப்படி அந்த ஒருங்கிணைப்பாளர் பெயரிலேயே போக வேண்டும்.

“பால்சாமின்னு போடு பாய். அவன் நிரந்தரந்தான். என் பொண்டாட்டி உசுரோட இருக்க வரைக்கும் நிரந்தரம்.”

எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். “முதலாளி, அடுத்த அழைப்பிதழ எப்பிடி ஆரம்பிக்கணும்? ‘பால்சாமி ஆகிய நான் அன்புடன் அழைக்கிறேன்’னு போட்டுட்டு, அதுக்குக் கீழ வாரவங்க பேரு. உங்க பேரு அதுல மொத பேரா வரும்.”

“எதுக்குக் கீழ?”

“பால்சாமி அய்யா பேருக்குக் கீழ. அவிய கூப்பிடுதாவ, நீங்க வாரீங்க.”

தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“என் காலேஜுக்கு,” என்றார் தாளாளர் மெதுவாக, “இவன் கூப்பிட்டு நான் வரணுமா?”

பால்சாமி அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கும் ஒருங்கிணைப்பாளராக இருந்திருப்பார். “அதுக்கென்ன அத்தான்,” என்றார் பெருந்தன்மையாக, “ஒங்களக் கூப்பிடாம விட்டுருவனா?”

தாளாளர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம் கேட்டார். “அந்த வைகுண்டராஜ் இன்னும் இருக்கானா? போயிட்டானா?”

“இந்த மாசம் முடிய இருக்காரு.”

“அவன் பேரப் போடு. அவன் கூப்பிட்டு நான் வந்தேன்னு ஊருல எந்தக் கோட்டிக்காரனும் நம்ப மாட்டான். நிரந்தரம்னும் ஆர்டர் அடிச்சுக் கொண்டா. அதுல ஒண்ணு சேத்துக்கிடும்: எந்த விழாவுலயும் அவனுக்கு மேடையில நாற்காலி கெடையாது.”

பால்சாமி காதைக் குடைந்தார். யோசனை எதுவும் வரவில்லை.

அன்று பிற்பகலே டெல்லிக்குப் பதிலையும் ஆர்டரையும் அடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். வைகுண்டராஜை ஆளனுப்பி வரவழைத்து ஆர்டரைக் கையில் கொடுத்தேன். முதல் தடவை படித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “பாய், நாளைக்கு மொத பஸ்ஸுல சோழபுரம் போறேன்,” என்றார். “அவிய கான்சாபுரத்துக்கு வாக்குக் குடுத்திருக்க மாட்டாவல்ல?”

“குடுக்கல. விசாரிச்சுட்டேன். பொண்ணு ஒத்துக்கிடலயாம்.”

இரண்டாவது தடவை படித்தார். நெற்றி சுருங்கியது. எழுந்தவர் போகாமல் நின்றார்.

“பாய், கடைசி வரியில நாற்காலி கெடையாதுன்னு போட்டிருக்கே.”

“ஆமா சார்.”

“இத எடுத்திரச் சொல்லலாமா?”

“சார், சோழபுரத்துல நாற்காலியா கேட்டாவ? நிரந்தரமான்னுதானே கேட்டாவ?”

“அதுக்கில்ல. நாளைக்குக் கச்சேரின்னா பொண்ணு வீட்டுக்காரங்களும் வருவாங்க. அழைப்பிதழ்ல எம் பேரு மொதல்ல இருக்கும். மேல பாத்தா செங்கல்காரரு உக்காந்திருப்பாரு. நான் கீழ நின்னா மாமனாரு என்ன நெனப்பாரு?” குரலைத் தாழ்த்தினார். “சோபா கூட வேண்டாம் பாய். ஓரத்துல பிளாஸ்டிக் நாற்காலி போதும். பிரின்ஸிபாலுக்குப் பக்கத்துல. டெல்லிக்குப் போற கடுதாசியில, ஒருங்கிணைப்பாளருக்கு மேடையில எடம் உண்டான்னு ஒரு வரி சேத்துக் கேட்டுருங்களேன். அவங்களே சொல்லிட்டா இவரு என்ன பண்ண முடியும்?”

அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஆறு வருடமாக நான் பார்த்த முகம்தான். ஆனால் பார்வை மட்டும் என் தலைக்கு மேலே, எங்கோ உயரத்தில் ஒரு காலி இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

“கையெழுத்து ஆயிருச்சு சார்,” என்றேன்.

டெல்லிக் கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டேன். அவர் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினேன். மெழுகுவத்தியைக் கொளுத்தி அரக்கை உருக்கி, மடிப்பின் மேல் சொட்டவிட்டு, கல்லூரி முத்திரையை வைத்து எடுத்தேன். அரக்கு ஆறியதும், ஸ்ரீவில்லிபுத்தூர் தலைமைத் தபால் நிலையத்துக்குப் புறப்பட்டு நின்ற மில் வேன்காரரிடம் கொடுத்து, “ரிஜிஸ்தர் தபால், ரசீது மறந்துராதேயும்,” என்றேன். வேன் மாவுக்கட்டு ஆர்ச்சைத் தாண்டிப் போனது.